எந்தக் கதிர் நல்ல கதிர்? தீர்ப்புச் சொல்வது யார்?

மில்லில் கதிர் ஓட்டுகிற தொழிலாளியும், வயலில் கதிர் அறுக்கிற விவசாயத் தொழிலாளியும் இன்று மூன்றாவதாக ஒரு கதிரைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புற்றுநோய்க்கு வைக்கும் கதிர்தான் அது. "கரண்ட் வைக்கிறார்கள்" என்று நம் ஜனங்கள் சொல்வது இந்த வைத்தியத்தைத்தான். புகையிலையும் பீடியும் வாயையும் தொண்டையையும் அரிக்கின்றன. பெண்களுக்கு மார்பிலும் கருப்பை வாயிலும் புற்று வருகிறது. நம் தெருவில் கரண்ட் வைத்துக்கொள்ளாத குடும்பம் இல்லை என்று சொல்லும் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வைத்தியத்தில் இப்போது புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பழையதைவிட மேலானது என்று விளம்பரம் சொல்கிறது. உண்மையில் மேலானதுதானா? எந்தப் புற்றுக்கு மேலானது? எவ்வளவு மேலானது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் பரிசோதனைகள் உலகெங்கும் தட்டுத் தடுமாறி நடக்கின்றன. அவை தடுமாறுவதற்குக் காரணம் விஞ்ஞானிகளிடம் அறிவு இல்லாதது அல்ல. பதில் வெளிவருவதில் பலருக்கு அக்கறை இல்லை என்பதே பெரிய காரணம். டாக்டர்களின் மாநாட்டில் பேசி முடித்துவிடக்கூடிய விஷயமல்ல இது. படுக்கையில் கிடப்பவர்கள் நாம் என்பதால் நாமும் பேசியாக வேண்டும்.

புதுக் கதிர் எது?

1895ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைப் புற்றுக்கு வைத்துப் பார்த்தார்கள். 1951ல் கனடாவில் கோபால்ட் இயந்திரம் வந்தது. பின்னர் மின்சாரத்தால் இயங்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் பரவியது. இவை எல்லாவற்றிலும் ஒரே குறை: கதிர் உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிறது. வழியில் உள்ள நல்ல சதையையும் சுடுகிறது.

புரோட்டான் கதிரின் குணம் வேறு. அது குறிப்பிட்ட ஆழம் வரை சென்று அங்கே தன் சக்தியில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். எக்ஸ்-கதிர் வழி நெடுகக் கசிந்துகொண்டே ஓடும் மண் வாய்க்கால் என்றால், புரோட்டான் தண்ணீரைக் கடைமடைக்குக் கொண்டுபோய் விடும் சிமெண்டு வாய்க்கால். இந்தக் குணத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946லேயே அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்சன் எழுதினார். அணுகுண்டு செய்த கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். 1954ல் பெர்க்லியில் முதல் நோயாளிக்கு இந்தக் கதிர் வைக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கென்றே கட்டப்பட்ட முதல் புரோட்டான் நிலையம் 1990ல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் திறக்கப்பட்டது. இன்று அமெரிக்காவில் மட்டும் 40க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

காகிதத்தில் பார்த்தால் புரோட்டான்தான் சிறந்தது. ஆனால் உடம்பு காகிதமல்ல. மூச்சு விடும்போது நுரையீரல் அசைகிறது. வைத்தியம் நடக்கும் வாரங்களில் நோயாளி இளைக்கிறார், கட்டி சுருங்குகிறது. கதிர் நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் சுட வேண்டியதைச் சுடாமல், சுடக்கூடாததைச் சுட்டுவிடும். எனவே புரோட்டான் நல்லதா என்று கணக்குப் போட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய முறையோடு பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேண்டும்.

வயலில் பிறந்த முறை

ஒப்பிடுவது எப்படி? விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புது விதை நல்லதா என்று பார்க்க, வண்டல் படிந்த வயலில் புது விதையையும் களர் நிலத்தில் பழைய விதையையும் போட்டு ஒப்பிட்டால் ஊரே சிரிக்கும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் வேலை செய்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு ஒரு வழி சொன்னார்: நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். அப்போது மண்ணின் குணம் இரண்டு விதைக்கும் சமமாகப் பங்காகிவிடும்.

இந்த வயல் முறைதான் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. 1947ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இப்படிச் சோதித்தார்கள். யுத்தம் முடிந்த காலம். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. யாருக்கு மருந்து என்பதைச் சிபாரிசும் செல்வாக்கும் தீர்மானிப்பதைவிடச் சீட்டு தீர்மானிப்பது நியாயம் என்று கருதினார்கள். நமது பழைய குடவோலை போன்ற ஏற்பாடு இது. இன்று உலகில் நம்பத்தகுந்த வைத்திய சாட்சியம் என்பது பெரும்பாலும் இந்தச் சீட்டுப் பரிசோதனைதான்.

இங்கே ஒரு பயத்தையும் போக்கிவிட வேண்டும். "ஏழையைப் பிடித்து எலியாக்குகிறார்கள்" என்று நம்மவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் ஒழுங்காக நடக்கும் சீட்டுப் பரிசோதனையில் யாரையும் வைத்தியமில்லாமல் விட்டுவிடுவதில்லை. ஒரு பிரிவுக்கு இன்று கிடைக்கும் நல்ல வைத்தியம். மற்றப் பிரிவுக்குப் புதியது. எது மேல் என்று டாக்டருக்கே உண்மையில் தெரியாதபோதுதான் சீட்டுப் போடலாம். தெரிந்துகொண்டே சீட்டுப் போடுவது குற்றம். தெரியாமல் இருந்துகொண்டு "இதுதான் நல்லது" என்று பணம் வாங்குவதும் அதற்கு இளைத்த குற்றமல்ல.

நிரூபிக்காமலே விற்கலாம்!

ஒரு புது மாத்திரையை விற்க வேண்டுமானால் அது வேலை செய்கிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். கதிர் இயந்திரத்துக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது ஏறத்தாழ ஒத்தது என்று காட்டினால் போதும், விற்கலாம். பழையதைவிட நோயாளி அதிக நாள் வாழ்கிறாரா, குறைவாகத் துன்பப்படுகிறாரா என்று எவரும் கேட்பதில்லை.

இதென்ன வேடிக்கை! அனுமதி வாங்கும்போது "பழையதைப் போன்றதுதான்" என்கிறார்கள். விளம்பரம் செய்யும்போது "பழையதைவிடப் பன்மடங்கு மேல்" என்கிறார்கள். ஒரே வாய் இரண்டு பேச்சுப் பேசுகிறது.

பல அறைகள் கொண்ட பெரிய புரோட்டான் நிலையம் ஒன்றைக் கட்ட 10 கோடி டாலருக்கு மேல் ஆகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் கடன். கடனுக்கு வட்டி உண்டு. வட்டி கட்ட இயந்திரம் ஓய்வின்றி ஓட வேண்டும். இரவு ஷிப்டில் கதிர் நின்றால் மில் முதலாளி எப்படித் துடிப்பான் என்பது நமக்குத் தெரியும். இங்கும் அதே கணக்குத்தான். புரோட்டான் அதிகம் தேவைப்படுவது குழந்தைகளின் மூளைக் கட்டி போன்ற அபூர்வமான நோய்களுக்கு. வளரும் உடம்பில் வீணாகப் படும் ஒவ்வொரு கதிரும் பின்னால் கேடு செய்யும் என்பதால் அங்கே புரோட்டான் வைப்பதைப் பெரும்பாலும் எவரும் மறுப்பதில்லை; அங்கே சீட்டுப் போடவும் பெற்றோர் ஒப்பமாட்டார்கள். ஆனால் அத்தகைய குழந்தைகள் சில பேர்தான். அவர்களை மட்டும் வைத்து வட்டி கட்ட முடியாது. எனவே வயதான ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸ் அதற்குப் பணம் கொடுத்தது. ஆதாரம் வருவதற்கு முன்பே வியாபாரம் வளர்ந்தது. எல்லோருக்கும் கைகூடவில்லை, சான் டியேகோ நகரில் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2014ல் திறந்த நிலையம் 2017ல் திவால் மனுப் போட்டது.

அந்தப் பிராஸ்டேட் வைத்தியத்தின் கதை என்ன ஆயிற்று? பார்டிகால் என்ற சீட்டுப் பரிசோதனையில் 450 பேரைச் சேர்க்க 2012லிருந்து 2021 வரை ஆயிற்று. 2024ல் முடிவு வெளிவந்தது. குடல் உபத்திரவத்திலும் நோய் கட்டுப்படுவதிலும் இரு கதிருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே நன்றாக வேலை செய்தன. விலை மட்டும்தான் வேறு! இதைத் தெரிந்துகொள்ள லோமா லிண்டா திறந்த நாளிலிருந்து 34 ஆண்டுகள் ஆயின.

காலிப் பாத்திகள்

இனி, விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். பரிசோதனை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

அமெரிக்காவில் வைத்தியச் செலவில் பெரும் பங்கை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையில் வைத்திருக்கின்றன. டாக்டர் சீட்டுப் போடுகிறார். நோயாளிக்குப் புரோட்டான் விழுகிறது. கம்பெனியின் அனுமதி கேட்டால் பதில் வருகிறது: "இது மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை; பணம் தர முடியாது." ஆதாரம் தேடத்தானே பரிசோதனை! ஆதாரம் இல்லை என்று பணம் மறுக்கப்படுகிறது. பணம் மறுக்கப்படுவதால் ஆதாரம் கிடைப்பதில்லை. செக்கு மாடு இப்படித்தான் சுற்றும்.

ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரி உணவுக்குழாய்ப் புற்றுக்கு நடத்திய பரிசோதனையைப் பாருங்கள். முடிவு 2020ல் வெளிவந்தது. சீட்டுப் போட்டவர்கள் 145 பேர். புரோட்டானுக்கு விழுந்தவர்கள் 73, எக்ஸ்-கதிருக்கு 72. கடைசியில் கணக்கில் எடுக்க முடிந்தவர்கள் புரோட்டானில் 46 பேர், எக்ஸ்-கதிரில் 61 பேர். ஒரு பக்கம் 27 பேர் கழிந்தார்கள். மறுபக்கம் 11 பேர். இன்ஷூரன்ஸ் மறுப்பு இதற்கு ஒரு முக்கிய காரணம்.

இதில் நஷ்டம் எண்ணிக்கை மட்டுமல்ல. சீட்டின் நியாயமே கெடுகிறது. முதியோருக்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸ் சுலபமாகப் பணம் கொடுக்கிறது. வேலை செய்யும் வயதுக்காரர்களின் தனியார் இன்ஷூரன்ஸ் அடிக்கடி மறுக்கிறது. ஆகவே புரோட்டான் பிரிவில் நிற்பவர் யார், வெளியேறுபவர் யார் என்பதைக் கம்பெனிக் குமாஸ்தா தீர்மானிக்கிறார். பாத்திக்குப் பாத்தி சீட்டுப் போட்டு விதைத்த பிறகு, இரவில் ஒருவன் வந்து ஒரு விதையின் நாற்றுகளை மட்டும் பிடுங்கிவிட்டுப் போனால் மகசூலை எப்படி ஒப்பிடுவது? அப்படியும் அந்த டாக்டர்கள் சேதம் போக மிஞ்சியதை வைத்து ஒரு பதில் கண்டார்கள். 3 ஆண்டுக் கணக்கில் நோய் தலையெடுக்காமல் இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமம். பக்க விளைவுகளின் மொத்தச் சுமையோ எக்ஸ்-கதிர் பிரிவில் 2.3 மடங்கு அதிகம். புரோட்டானுக்கு நல்ல சாட்சிதான். இத்தனை பேர் கழியாமல் இருந்தால் இன்னும் உறுதியான சாட்சியாக இருந்திருக்கும்.

பணம் உள்ளவர்களும் பரிசோதனைக்குத் தடைதான். புரோட்டான் நிலையத்தைத் தேடி வருகிறவர் புரோட்டானுக்காகவே வருகிறார். "சீட்டில் பழைய கதிர் விழலாம்" என்றால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். பணம் கட்டி வைத்துக்கொண்டு போவார். மேலும், மாத்திரைப் பரிசோதனையில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து யாருக்கு எது என்று தெரியாமல் வைக்கலாம். அறை அளவு இயந்திரத்தை மறைக்க முடியுமா? எந்தக் கதிர் என்பது நோயாளிக்குத் தெரியும். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், விலை உயர்ந்த வைத்தியம் கிடைத்த நம்பிக்கையும் அவர் பதிலில் கலந்துவிடும்.

இரண்டு நாடு, இரண்டு வழி

தொண்டைப் புற்றுக்கு இரண்டு நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

அமெரிக்காவில் 21 நிலையங்கள் சேர்ந்து 440 பேரைச் சேர்த்தன. சேர்ப்பு 2013லிருந்து 2022 வரை இழுத்தது. பிரிட்டனில் புரோட்டான் வைத்தியம் தேசிய சுகாதார சர்வீசின் கையில் இருக்கிறது. மான்செஸ்டரில் 2018லும் லண்டனில் 2021லும் திறந்த இரண்டே நிலையங்கள். டார்பீடோ என்ற பரிசோதனைக்கு அவர்கள் 205 பேரை 2020லிருந்து 2023க்குள் சேர்த்துவிட்டார்கள். அதுவும் கொரோனா காலத்தில்! அமெரிக்காவின் மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குள்ள நாடு, இருபதில் ஒரு பங்கு நிலையங்களை வைத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதைவிட வேகமாகச் சேர்த்தது. எப்படி? சீட்டில் எது விழுந்தாலும் சர்க்கார் சர்வீஸ் செலவை ஏற்றது. அனுமதி கேட்டுக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த சர்வீசை நடத்தும் சர்க்கார்கள் அதைப் பட்டினி போட்டு வருகின்றன, அங்கே நோயாளிகள் நீண்ட வரிசையில் காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். இருந்தும் பொது ஸ்தாபனம் என்ற ஒரே பலத்தால் இந்தக் காரியம் நடந்தது.

முடிவுகள் என்ன? நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவை ஒத்துப்போகவில்லை. அமெரிக்கப் பரிசோதனையில் வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டிய நிலை எக்ஸ்-கதிர் பிரிவில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு ஏற்பட்டது. புரோட்டானில் பத்தில் மூன்று பேருக்கும் குறைவு. 5 ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் புரோட்டானில் 100க்கு சுமார் 91, எக்ஸ்-கதிரில் 81. இது சிறிய விஷயமல்ல. பிரிட்டிஷ் பரிசோதனையிலோ, ஓராண்டு கழிந்தபின் நோயாளிகள் வாழும் விதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று 2025ல் அறிவித்தார்கள். இரு நாட்டு ஆஸ்பத்திரிகளின் வழக்கங்களும் வேறு, கேட்ட கேள்வியின் அளவுகோலும் வேறு. ஆகவே "புரோட்டான் வெறும் மோசடி" என்று நாம் கூச்சலிடக் கூடாது. "புரோட்டான் சஞ்சீவி" என்று அவர்கள் விற்கவும் கூடாது. எந்தப் புற்றுக்கு, யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தீர வேண்டும். நுரையீரல் புற்றில் புரோட்டான் நிச்சயம் நுரையீரலைக் காக்கும் என்று நினைத்தார்கள்; 2018ல் வெளிவந்த சீட்டுப் பரிசோதனை அப்படிக் காட்டவில்லை. மார்புப் புற்றுக்கு 1,239 பேரைச் சேர்த்த ராட்காம்ப் பரிசோதனையில், நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைத் தரம் இரு கதிரிலும் ஒத்தே இருந்தது என்று 2025ல் தெரிவித்தார்கள். இருதயத்துக்கு எது நல்லது என்பதுதான் அதன் பெரிய கேள்வி. அதற்குக் காலம் வேண்டும்.

காலம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கதிரால் இருதயத்துக்கு வரும் கேடு 5 ஆண்டுக்குள் தலைகாட்டி 20 ஆண்டுக்கு மேலும் தொடர்கிறது என்று ஸ்வீடன், டென்மார்க் பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2013ல் காட்டியது. அத்தனை ஆண்டு நோயாளியைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்க யார் சம்பளம் கொடுப்பார்? அதற்குள் இயந்திரமும் மாறிவிடுகிறது. நுரையீரல் பரிசோதனையில் வைத்த புரோட்டான் முறை, முடிவு வரும்போது பழசாகிவிட்டது. "அது பழைய மாடல், எங்கள் புது மாடல் வேறு" என்று கம்பெனி சுலபமாக நழுவிவிடுகிறது.

இயந்திரம் தானே வைத்தியம் செய்யாது

இன்னொரு உண்மையும் உண்டு. அதைத் தொழிலாளி மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வான். எவ்வளவு நல்ல யந்திரமானாலும் ஓட்டுகிற கைக்குப் பழக்கம் வேண்டும்.

ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் சேர்ந்து தலை, கழுத்துப் புற்றுக்கு ஒரு மருந்தைச் சோதித்தன. 2010ல் அதன் கதிர் வைத்தியக் கணக்குகளைத் துருவிப் பார்த்தபோது திடுக்கிடும் விஷயம் வெளிப்பட்டது. சுமார் 100க்கு 12 பேருக்குக் கதிர்த் திட்டம் நோய் கட்டுப்படுவதையே பாதிக்கும் அளவுக்குப் பிழையாக இருந்தது. விதிப்படி கதிர் பெற்றவர்களில் 2 ஆண்டுக்குப் பிறகு 100க்கு 70 பேர் உயிரோடிருந்தார்கள். பிழையாகப் பெற்றவர்களில் 50 பேர். எந்தப் புது மருந்தும் கொடுக்கும் லாபத்தைவிட, உள்ள வைத்தியத்தை ஒழுங்காகச் செய்வதன் லாபம் பெரிதாக இருந்தது! பரிசோதனைக்குச் சில நோயாளிகளை மட்டும் அனுப்பிய சிறு நிலையங்களில் பிழைகள் அதிகம். நிறையப் பேரை அனுப்பிய, பழக்கப்பட்ட நிலையங்களில் குறைவு. எனவே கதிர் பரிசோதனை நடத்துவதென்றால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் திட்டத்தையும் வெளியார் சரிபார்க்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற டாக்டரும் பௌதிக நிபுணரும் டெக்னீஷியனும் வேண்டும். இயந்திரத்துக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டு ஆள் போடுவதில் கஞ்சத்தனம் செய்வது முதலாளிகளின் பழைய வழக்கம். அதன் பலன் நூல் அறுந்து போவது என்றால் பரவாயில்லை. இங்கே அறுவது உயிர்.

கேட்கப்படாத கேள்வி

எந்தப் பரிசோதனை நடக்கிறது என்பதைப் போலவே, எது நடக்காமல் போகிறது என்பதும் முக்கியம். கூலிக்காரனுக்கு முதல் கேள்வி "எந்த இயந்திரம்?" என்பதல்ல. "எத்தனை நாள்?" என்பதுதான். கரண்ட் வைப்பது ஒரே நாளில் முடியும் வைத்தியமல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், ஆறு வாரம், ஏழு வாரம். மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் வியாதிக்கால உதவித் தொகை உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவளுக்கு என்ன உண்டு? ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி போகும் நாள். பஸ் செலவு, துணைக்கு வருகிறவரின் கூலி, டவுனில் தங்கும் செலவு எல்லாம் தனி. பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இதனால்தான் திரும்புகிறார்கள். பாதி வைத்தியத்தில் எந்தக் கதிரும் புற்றை வெல்லாது.

இந்தக் கேள்வியையும் விஞ்ஞானம் கேட்டிருக்கிறது. பிரிட்டனில் மார்புப் புற்றுக்கு 25 நாள் வைத்த கதிரை 15 நாளில் முடிக்கலாமா என்று 1999லிருந்து சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்தது. பிறகு ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற பரிசோதனையில் 97 ஆஸ்பத்திரிகள், 4,096 நோயாளிகள், 2011லிருந்து 2014க்குள். 15 நாளை 5 நாளாக்கலாமா என்பது கேள்வி. 2020ல் பதில் வந்தது: சரியான அளவில் கொடுத்தால் 5 நாள் கதிர் 5 ஆண்டுக் கணக்கில் 15 நாளுக்கு இளைத்ததல்ல. ஐந்து வாரம் ஒரே வாரமாயிற்று! இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை. ஊரில் உள்ள இயந்திரமே போதும். நோயாளிக்குக் கூலி மிச்சம், ஆஸ்பத்திரிக்கு இயந்திர நேரம் மிச்சம், வரிசை குறைகிறது.

இந்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? இயந்திரக் கம்பெனி அல்ல, பொதுப் பணம். எந்தக் கம்பெனி "என் சரக்கைக் குறைவாக உபயோகியுங்கள்" என்று ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்? ஆகவேதான் சொல்கிறோம்: சரக்கு விற்கிறவனிடமே தராசைக் கொடுத்தால், அவனுக்குச் சாதகமான கேள்விகள் மட்டும்தான் தராசில் ஏறும். இதைச் சொல்வதால் கம்பெனியில் வேலை செய்யும் விஞ்ஞானிகள் எல்லோரும் பொய்யர்கள் என்று அர்த்தமல்ல. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் லாபத்தின் கையில் இருக்கிறது என்பதே அர்த்தம்.

நம் நாட்டில்

நம் நாட்டுக்கும் புரோட்டான் வந்துவிட்டது. 2019ல் சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று தெற்கு ஆசியாவிலேயே முதலாவது நிலையத்தைத் திறந்தது. நவி மும்பையில் கார்கரில், அணுசக்தி இலாகாவின் கீழ் உள்ள டாடா நினைவு மையம், 2023ல் பொதுத் துறையில் இந்த வைத்தியத்தை ஆரம்பித்தது. அதே சமயம், மாவட்டத்துக்கு ஒரு சாதாரணக் கதிர் இயந்திரம்கூட இல்லாத பிரதேசங்கள் நாட்டில் நிறைய உண்டு.

அமெரிக்காவின் பதிலை அப்படியே நமக்குப் பெயர்த்து நடவும் முடியாது. அங்கே தொண்டைப் புற்றுப் பரிசோதனையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு வைரஸ் கிருமியால் வந்த புற்று. கதிருக்குச் சீக்கிரம் மசியும் வகை அது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் புகையிலையால் வருவது. முற்றிய பின் வருவது. சத்துக் குறைந்த உடம்பில் வருவது. நமக்கான கேள்வியை நாமே கேட்டுப் பதில் காண வேண்டும். அப்படிச் செய்ய நம் டாக்டர்களால் முடியும். மும்பை டாடா ஆஸ்பத்திரி பிராஸ்டேட் புற்றில் கதிரை எந்த அளவு விரித்து வைப்பது என்று 224 பேரிடம் சீட்டுப் போட்டுப் பார்த்து 2021ல் வெளியிட்ட முடிவை உலகம் கவனித்தது. கொல்கத்தாவில் 2019லிருந்து மார்புப் புற்றுக்கு ஒரு வாரக் கதிரைச் சோதித்து வருகிறார்கள்.

ஆனால் பரிசோதனை என்றதும் ஏழை பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் பெண் குழந்தைகளிடம் நடத்திய தடுப்பூசித் திட்டம் 2010ல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள். 2013ல் பார்லிமெண்ட் நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2019ல் மருந்துப் பரிசோதனைகளுக்குப் புது விதிகளும் வந்தன. விதி புத்தகத்தில் இருப்பது ஒன்று. வார்டில் நடப்பது வேறொன்று என்பதைத் தொழிற்சாலைச் சட்டத்தோடு பழகிய நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எனவே டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினால் ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்கவும் வேண்டாம். கேளுங்கள்: இரண்டு வைத்தியமும் என்ன? நான் மறுத்தால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? நடுவில் விலகலாமா? கேடு வந்தால் செலவு யாருடையது? பஸ் செலவும் கூலியும் யார் தருவார்? பணம் போடுவது யார்? முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடுவீர்களா? தமிழில் தெளிவாகப் பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம். பதில் சொல்லாமல் அதட்டுகிறவரிடம் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

நாம் கோர வேண்டியவை

முதலாவது, புதுக் கதிர் இயந்திரத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, நோயாளிக்கு அதனால் என்ன லாபம் என்பதைச் சோதித்து வெளியிடும் கடமையையும் சேர்த்துச் சுமத்த வேண்டும். அந்தச் சோதனையை நடத்துவது விற்பவனாக இருக்கக் கூடாது. பொது ஆஸ்பத்திரிகளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனையில் சேர்ந்தவருக்குச் சீட்டில் எந்தக் கதிர் விழுந்தாலும் சர்க்கார் இன்ஷூரன்சும், இ.எஸ்.ஐ.யும், தனியார் கம்பெனியும் மறுபேச்சின்றிச் செலவை ஏற்க வேண்டும். அமெரிக்கா படித்த பாடத்தை நாம் மறுபடி பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பரிசோதனையில் சேரும் கூலித் தொழிலாளிக்கு இழந்த கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். இது லஞ்சமல்ல, நியாயம். இது இல்லையென்றால் வசதி உள்ளவர்கள் மட்டுமே பரிசோதனையில் நிற்பார்கள். வரும் பதிலும் வசதி உள்ளவர்களுக்கான பதிலாகவே இருக்கும்.

நான்காவது, வைத்திய நாளைக் குறைக்கும் பரிசோதனைகளுக்குப் பொதுப் பணம் முதலில் போக வேண்டும். பதில் கிடைத்தபின் அது மாவட்ட ஆஸ்பத்திரி வரை வந்து சேர வேண்டும்.

ஐந்தாவது, எந்த இயந்திரம் வாங்கினாலும் அதை ஓட்டவும் சரிபார்க்கவும் போதிய ஆட்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூலி உயர்வோடு இந்தக் கோரிக்கைகளையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புது விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. அதைக் கட்டிய கொத்தனார்களும் கம்பி இழுத்த எலெக்ட்ரீஷியன்களும் நம்மவர்கள். அதற்குப் பணம் கொடுத்த வரியும் நம் உழைப்பிலிருந்து போனது. எந்தக் கதிர் நல்ல கதிர் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நேர்மையான பரிசோதனை. அந்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியது நாம்.